கூரையில் ஒரு காது

2021 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி. கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பதரைக் கடல் மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்ற சரக்குக் கப்பலில் தீ மூண்டது. சிங்கப்பூர்க் கொடியுடன் வந்த அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. மறுநாள் இரவு முதல் கொரோனாவுக்கான பயணக் கட்டுப்பாடு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் செய்தியின் பின்னால் ஓடிய கால்கள் பேலியகொடையில் ஒரு சிறிய வீட்டினுள் முடங்கிக் கிடந்தன.

என் மேசையில் ஒரு ஸ்கேனர் இருந்தது. கப்பல்கள் ஒன்றையொன்று அழைக்கும் 16 ஆம் அலைவரிசையை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸை, அதில் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எரியும் கப்பலுக்கும் என் மேசைக்கும் இடையே 20 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் இருந்திருக்கும். தொலைக்காட்சியில் கரும்புகை தெரிந்தது. முகநூலில் ஆயிரம் கதைகள் வந்தன. என் ஸ்கேனரில் மட்டும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இடையிடையே மின்விளக்கின் இரைச்சல் கேட்டது. அவ்வளவுதான்.

25 ஆம் திகதி அந்தக் கப்பலில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. ஜூன் 2 ஆம் திகதி அதன் பின்புறம் கடலடியில் தட்டியது. அந்த இரண்டு வாரமும் என் கருவி ஊமையாகவே இருந்தது. அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். நல்லதோர் அன்டெனா இல்லாத வானொலி, காதில்லாத நிருபனைப் போன்றது. கூரைக்கு மேல் ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும்.

ஸ்கேனர் என்றால் என்னவென்று வாசகர்களுள் சிலர் கேட்கக்கூடும். சாதாரண வானொலி ஓர் அலைவரிசையில் நின்று பாடும். ஸ்கேனர் நாம் குறித்துக் கொடுத்த நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை விநாடிக்குப் பல வீதம் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும். எங்கே ஒருவர் பேசுகிறாரோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மீண்டும் ஓடத் தொடங்கும். அதனால் பேச இயலாது. கேட்க மட்டுமே இயலும். ரொறொன்ரோவில் வாழும் என் மருமகன் தந்த அன்பளிப்பு அது. வானொலிக் கருவிகள் நமது நாட்டில் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. ஆகவே உரிய இடத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பெற்ற பின்னரே அதனைத் தருவித்தேன். பொலிஸாரினதும் படையினரதும் அலைவரிசைகளை அதில் பதிந்து வைக்கவுமில்லை. கட்டுநாயக்காவில் இறங்கும் விமானங்கள், துறைமுகத்திற்கு வரும் கப்பல்கள், பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஆகிய மூன்றும் எனக்குப் போதும்.

கருவி வந்த நாள் முதல் அதனுடன் வந்த ஒரு சாண் நீள இறப்பர்த் துண்டையே அன்டெனாவாகப் பயன்படுத்தினேன். அது தவறு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அந்தப் பாடத்தைக் கற்றது எண்பதுகளின் தொடக்கத்தில்.

அப்போது கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணி எனக்கு. வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பது இளையவர்களின் தலையில் விழும் வேலை. பி.பி.ஸி. தமிழோசை, மணிலாவில் இருந்து வேரித்தாஸ், அகில இந்திய வானொலி என்று ஒன்று மாறி ஒன்றைச் சிற்றலையில் பிடிக்க வேண்டும். சங்கரண்ணாவின் குரல் ஒரு கணம் தெளிந்து மறுகணம் அலையில் அமிழ்ந்துவிடும். முக்கியமான எண்ணிக்கை வரும் இடத்தில்தான் அமிழும்! “எத்தனை பேர் என்றார்? பதினாறா, அறுபதா?” என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

புதிய வானொலி ஒன்று வாங்கித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்க எண்ணியிருந்த வேளையில், எங்கள் ஒப்புநோக்குநர்களுள் மூத்தவரான ஓர் அண்ணர் ஒரு சுருள் செப்புக் கம்பியுடன் வந்தார். யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தும் கடையொன்றில் சிறு வயதில் வேலை செய்தவர். அச்சுக்கூடத்தின் கூரை விளிம்பில் இருந்து பின்வளவுத் தென்னைக்கு அந்தக் கம்பியைக் கட்டி, ஒரு முனையை யன்னல் வழியாக இழுத்து வானொலியில் கொளுவினார். ஏறத்தாழ 60 அடிக் கம்பி. அன்றிரவு தமிழோசை, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

“தம்பி, றேடியோவை மாத்தாதையும். முதல்ல கம்பியை மாத்தும்” என்றார் அண்ணர். ஆயுளுக்கும் மறக்கவில்லை.

பின்னர் கொட்டாஞ்சேனையில் வாடகைக்குக் குடியிருந்தபோது நானும் அவ்வாறே ஒரு கம்பியை மொட்டைமாடியில் கட்டி வைத்திருந்தேன். தண்ணீர்த் தாங்கியில் இருந்து படிக்கட்டுச் சுவர் வரை சென்ற, யாரும் கவனிக்காத மெல்லிய கம்பி. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன் பின்னர் கொழும்புத் தமிழர்களின் வீடுகளில் சோதனை நடக்காத வாரமே இல்லை எனலாம். பெப்ரவரியில் ஓர் அதிகாலை எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள். பத்திரிகையாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாடிக்கு ஏறிய ஒருவரின் கண்ணில் கம்பி பட்டுவிட்டது.

“இதில் யாருடன் பேசுகிறாய்?”

பேசுவதில்லை, கேட்பது மட்டுமே என்றேன். வானொலியைக் கொண்டுவந்து காட்டினேன். பேசும் கருவிக்கும் கேட்கும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை எனது அரைகுறைச் சிங்களத்தில் விளக்க முயன்றேன். அவ்வாறான வேளைகளில் ஒரு மனிதனின் மொழியறிவு எவ்வளவு சுருங்கிவிடுகிறது! நல்லவேளையாக, அவர்களுள் வயதில் மூத்தவர் ஒருவர் வானொலியைத் திருப்பி, அதில் ஒலித்த பாட்டைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, சிரித்தபடி திருப்பித் தந்தார். வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்காரர் வந்து, தலையைக் குனிந்தபடி, “ஐயா, குறை நினைக்க வேண்டாம். அந்தக் கம்பியை மட்டும் கழட்டிவிடுங்கோ” என்றார். கழற்றினேன். சுருட்டிப் பழைய பிஸ்கற் தகரத்தினுள் வைத்தேன்.

அதன் பின்னர் பேலியகொடைக்குக் குடிவந்தோம். 2009 இல் யுத்தம் முடிந்தது. 2017 ஏப்ரல் 30 உடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. தகரத்தினுள் இருந்த கம்பியை நான் எடுக்கவேயில்லை. சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பலன்று.

மனைவிக்கு அது தெரியும். கூரையில் அன்டெனா பொருத்தப்போகிறேன் என்று சொன்னபோது அவர் முதலில் பேசவில்லை. பிறகு மெதுவாக, “இஞ்சருங்கோ, சும்மா கிடக்கிற சனியனை ஏன் கூரையில ஏத்துவான்? அக்கம்பக்கத்தில என்ன நினைப்பினம்?” என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்த அதிகாலை அவரது குரலில் இருந்தது. நான் அவருடன் வாதாடவில்லை. யாரும் எதுவும் நினைக்காத வகையில், சிறிதாக, எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பொருத்துவோம் என்றேன்.

எதைப் பொருத்துவது என்பதே அடுத்த கேள்வி. அன்டெனாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் அது கடலாக விரியும். ஒரு வாரம் படித்ததில் நான் கண்டுகொண்ட சில விடயங்களை இங்கே சுருக்கித் தருகிறேன். இத்துறையில் ஆர்வமுள்ள அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது உயரம். விமானங்களும் கப்பல்களும் பேசும் அலைகள் சிற்றலையைப் போல வானத்தில் பட்டுத் திரும்புவன அல்ல. பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்பது கிடைக்கும். என் கூரைக்கு மேல் 9 மீற்றர் உயரத்தில் அன்டெனா நின்றால் 12 கிலோமீற்றர். கப்பலின் அன்டெனா கடல்மட்டத்தில் இருந்து 25 மீற்றர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 20 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 32. எக்ஸ்-பிரஸ் பேர்ள் அதற்குள் அடங்கும். மேசையில் இருந்த இறப்பர்த் துண்டுக்கும் கணக்கின்படி ஓரளவு கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கும் கடலுக்கும் நடுவே வீட்டுச் சுவர்களும் ஒரு நகரமும் நின்றன. அன்டெனா எந்த வகையாயினும் அது சுவரைத் தாண்டி வெளியே, கூரையைத் தாண்டி மேலே நிற்பதே பாதி வெற்றி.

இரண்டாவது நிற்கும் நிலை. விமானமும் கப்பலும் பயன்படுத்தும் அன்டெனாக்கள் செங்குத்தானவை. கேட்பதும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். “பழைய ரி.வி. அன்டெனா கிடக்கிறதே, அதைக் கொளுவினால் என்ன?” என்று மருமகன் கேட்டான். அதன் கம்பிகள் படுக்கையாக இருப்பவை. அப்படியே பொருத்தினால் வரும் ஒலியின் பெரும் பகுதியை இழப்போம்.

மூன்றாவது கேபிள். இதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் பிடித்ததைக் கீழே கொண்டுவரும் வழியிலேயே தொலைத்துவிடுவது நம்மவர் வழக்கம். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 20 மீற்றர் இழுத்தால், கப்பல் அலைவரிசையில் பாதிக்கும் அதிகமான சக்தி வழியிலேயே போய்விடும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று சிலர் அஞ்சுவார்கள். கேட்பதற்கு மட்டுமென்றால் அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. விலையும் மலிவு.

நான்காவது, ஒலி பெருக்கும் கருவியை நம்பாமை. அன்டெனாவுடன் ஒரு பெருக்கியைப் பொருத்தினால் எல்லாம் கேட்கும் என்று விளம்பரங்கள் சொல்லும். பெருக்கி நமக்கு வேண்டிய குரலை மட்டும் பெருக்குவதில்லை. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கொழும்பிலோ 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை பண்பலை வானொலிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றின் பலத்த ஒலி உள்ளே புகுந்து கருவியைத் திணறச் செய்துவிடும். விமானி பேச வேண்டிய இடத்தில் பாட்டும் விளம்பரமும் கலந்து வரும். பண்பலையை மட்டும் தடுக்கும் சிறிய வடிகட்டி ஒன்றை இடையே பொருத்துவது பெருக்கியைக் காட்டிலும் பயன் தரும்.

இவற்றை மனத்தில் வைத்து மூன்று வகைகளை எடைபோட்டேன்.

டிஸ்கோன் என்பது மேலே ஒரு தட்டும் கீழே ஒரு கூம்பும் கொண்டது. 25 முதல் 1,300 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஸ்கேனர் வைத்திருப்போரில் பலரும் முதலில் நாடுவது இதனைத்தான். ஆனால் எல்லாவற்றையும் கேட்பது எதையும் உன்னிப்பாகக் கேட்பதில்லை. பண்பலையையும் அது வாரி அள்ளி வரும். பத்துப் பன்னிரண்டு கம்பிகளுடன் கூரையில் நிற்கும் அதன் தோற்றத்தை எண்ணியபோது மனைவியின் முகமும் நினைவுக்கு வந்தது.

யாகி ஒரு திசையை நோக்கிக் கூர்மையாகக் கேட்பது. தொலைவில் உள்ள மெல்லிய குரலையும் பிடிக்கும். எனக்கோ மேற்கே துறைமுகம், வடக்கே விமான நிலையம். ஒன்றைக் கேட்டால் மற்றது போய்விடும். சுழற்றும் மோட்டாருக்குச் செலவழிக்கும் வசதி ஓய்வூதியக்காரனுக்கு இல்லை.

மூன்றாவது, கால் அலைநீள கிரவுண்ட் பிளேன். ஒரு கம்பி மேல்நோக்கி, நான்கு கம்பிகள் கீழ்நோக்கிச் சரிவாக. கவிழ்ந்த சிலந்தியைப் போல இருக்கும். எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும். விமானங்களின் அலைவரிசைகள் 118 முதல் 137 வரை. கப்பல்களுடையவை 156 முதல் 162 வரை. இரண்டிற்கும் இடையே 140 மெகாஹேர்ட்ஸை வைத்துக் கணக்குப் போட்டேன். 300 ஐ 140 ஆல் வகுத்தால் அலைநீளம் 2.14 மீற்றர். அதில் கால் பங்கு. அதிலும் நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும். 51 சென்ரிமீற்றர் வந்தது. கீழே சரியும் நான்கு கம்பிகளும் சற்று நீளமாக, 54 சென்ரிமீற்றர். இரு தரப்புக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் இரண்டையும் நன்றாகவே கேட்கும். கேட்கும் கருவிக்கு அத்தகைய விட்டுக்கொடுப்பு உண்டு.

இதனை முடிவு செய்தேன்.

பயணக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னர், ஜூலை மாதத்தில் ஒரு நாள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். மின்னணுப் பொருட்களுக்கு அதைவிட வேறு தெரு உண்டா? ஒரு சொக்கற், இணைப்பிகள், 20 மீற்றர் கேபிள், வடிகட்டி. வன்பொருட் கடையில் பித்தளைக் கம்பிகளும் ஓர் அலுமினியக் குழாயும். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். விமானங்களின் பேச்சைக் கேட்பதற்கு என்று உள்ளபடியே சொன்னேன். அவர் வியப்பதற்குக்கூட நேரமின்றி அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். நான் அஞ்சியது எதுவும் நிகழவில்லை.

வெட்டுவதும் ஈயம் வைத்து ஒட்டுவதும் ஒரு மாலை வேலை. குழாயைத் தனியே நிமிர்த்த இயலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் சிங்களவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். 2020 ஒக்ரோபரில் அந்தச் சந்தையில் கொரோனா பரவியபோது வாரக்கணக்கில் தொழிலின்றி இருந்தவர். அப்போது எங்கள் வீட்டில் இருந்து அவர்கள் வீட்டுக்கும், அவர்கள் வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கும் மதிலுக்கு மேலால் பாத்திரங்கள் போய்வந்தன.

அவரும் என்னை “என்ன இது?” என்று கேட்டார். அதே கேள்விதான். என் நா ஒரு கணம் உலர்ந்தது. பேசுவதில்லை மாத்தயா, கேட்பது மட்டும் என்றேன். 1996 இல் சொன்ன அதே விளக்கத்தை, இம்முறை சற்றுத் திருந்திய சிங்களத்தில் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்கவில்லை. “மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் போகிறது. குழாய் சரிந்தால் ஆள் முடிந்தது. இந்தப் பக்கம் மாற்றுங்கள்” என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார். அவர் சொன்னது சரி. சரிந்து விழுந்தால் மின்கம்பியைத் தொடக்கூடிய தூரத்துக்குள் ஒருபோதும் அன்டெனாவை நிறுத்தக்கூடாது. இடத்தை மாற்றினோம். மழைநீர் கேபிள் வழியாக வீட்டினுள் வராமலிருக்க, உள்ளே நுழையும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம். கடற்காற்றுக்கும் மழைக்கும் இணைப்புகள் பச்சை பிடித்துவிடும் என்பதால் இறப்பர் நாடாவால் சுற்றினோம். இடி மின்னல் வேளையில் கேபிளைக் கழற்றி வைப்பதற்கு வசதியாக யன்னலோரம் ஓர் இணைப்பியும் வைத்தேன். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் கொழும்பின் பிற்பகல்கள் எப்படியிருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு ஸ்கேனரை இயக்கினேன்.

முன்பும் விமானிகளின் குரல் எப்போதாவது கேட்டதுண்டு. 10,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் அடிவானம் 410 கிலோமீற்றர். இறப்பர்த் துண்டுக்கே சில வேளை அது எட்டிவிடும். ஆனால் விமானி மட்டுமே கேட்பார். அவர் “சரி, இறங்குகிறோம்” என்பார். இறங்கச் சொன்னது யார், என்ன சொன்னார் என்பது கேட்காது. தரையில் இருந்து பேசும் கட்டுப்பாட்டாளரின் குரல் சுவர்களுக்கு அப்பால் நின்றுவிடும். தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போன்ற நிலை. மறுமுனையில் என்ன என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

புதிய அன்டெனாவில் முதல் முறையாக மறுமுனையும் கேட்டது. மெல்லியதாக, சற்று இரைச்சலுடன், ஆனால் சொல்லுக்குச் சொல் தெளிவாக. தரையில் இருந்து ஒரு பெண் உயரத்தைச் சொன்னார். மேலிருந்து ஓர் ஆண் அதைத் திருப்பிச் சொன்னார். கேள்வியும் பதிலும் ஒன்றாகக் கேட்டன. மனைவியை அழைத்துக் கேட்கச் சொன்னேன். “எங்கட ஆக்கள் சண்டை பிடிக்கிறதை விட ஒழுங்காய்த்தான் கதைக்கினம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார். அவரது சம்மதம் அவ்வாறுதான் கிடைத்தது.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழிலில் எத்தனை இரவுகள் ஒரு முனையை மட்டும் கேட்டுக்கொண்டு மறுமுனையை ஊகித்து எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். யுத்த காலத்தில் கொழும்பில் அறிக்கை வரும். வடக்கில் இருந்து வேறொரு கணக்கு வரும். இரண்டும் மேலிருந்து பேசிய குரல்களே. குண்டு விழுந்த தெருவில் நின்ற மனிதர் என்ன சொன்னார் என்பது எங்கள் மேசைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். சில வேளை வந்து சேராது. கணக்கின்படி, யாழ்ப்பாணத்துக்கு மேலே உயரப் பறக்கும் விமானத்தின் குரல் பேலியகொடைக்குக் கேட்கலாம். நேர்கோட்டில் 300 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்துத் தரையில் நிற்பவர் பேசினால் கேட்காது. பௌதிகம் அப்படி. செய்தியும் அன்று அப்படித்தான் இருந்தது. குரலை உயர்த்தியவர்களுக்குக் குறைவில்லை. தாழ்ந்த குரல் எட்டும் உயரத்துக்குக் காதை உயர்த்தி வைக்கத்தான் எங்களுக்கு வழி இருக்கவில்லை. வழி இருந்தபோது துணிவு இருக்கவில்லை. நானும் அதில் ஒருவன்.

ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்கேனரில் கேட்டது செய்தியாகிவிடாது. பொதுமக்களுக்கென ஒலிபரப்பாத உரையாடலை வெளியிடுவதை அனைத்துலக வானொலி விதிகளே அனுமதிப்பதில்லை. சட்டத்தை விட்டுவிட்டாலும் அனுபவம் ஒன்று உண்டு. 2013 ஏப்ரலில் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பின்னர், பொலிஸ் அலைவரிசையில் கேட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெயர் சில மணி நேரத்தில் உலகமெங்கும் பரவியது. அந்த மாணவருக்கும் குண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் பட்ட துன்பத்தைச் சொல்லி முடியாது. நல்ல அன்டெனா நல்ல காதைத் தரும். கேட்டதை என்ன செய்வது என்பதை அது சொல்லித் தராது.

சில வாரங்களுக்குப் பின்னர் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாலையில் வந்தார். 16 ஆம் அலைவரிசையில் ஒரு கப்பல் துறைமுகத்தை அழைப்பதைச் சற்று நேரம் கேட்டார். பிறகு, “எங்கள் ஆட்களின் படகுகள் கேட்குமா?” என்றார். அவரது மைத்துனர் நீர்கொழும்பில் இருந்து பலநாள் மீன்பிடிப் படகில் போகிறவர். போனால் மூன்று நான்கு வாரம்.

கேட்காது என்றேன். அந்தப் படகுகள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அடிவானத்துக்கு அப்பால் நிற்பவை. கரையுடன் அவர்கள் பேசுவது சிற்றலையில். அதற்கு இந்த ஸ்கேனரும் உதவாது, இந்தச் சிலந்தியும் உதவாது. வேறு வானொலி வேண்டும், நீளமான கம்பி வேண்டும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொலைபேசிகள் செயலிழந்த வேளையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஹம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்ததும் சிற்றலையில்தான் என்று அவருக்கு விளக்கினேன். அடிவானத்தைத் தாண்டுவதற்கு அந்த அலைதான் வேண்டும்.

அவர் தலையசைத்தார். எழுந்து போகவில்லை. அந்த மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது.

அலுமாரியின் மேலிருந்து பிஸ்கற் தகரத்தை இறக்கினேன். செப்புக் கம்பி கறுத்திருந்தது, ஆனால் அறுந்திருக்கவில்லை. எனது பழைய சோனி வானொலியில் எஸ்.எஸ்.பி. குரல்களைக் கேட்கும் வசதி இன்னமும் வேலை செய்தது. நீண்ட கம்பிக்கு இரண்டு முனைகள் வேண்டுமே! எங்கள் கூரை போதாது. ஒரு முனையை எங்கள் குழாயில் கட்டினோம். மறுமுனையை அவர் தமது வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் கட்டினார். கட்டிவிட்டு, இறுக்கம் போதுமா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

அன்றிரவு இருவரும் மேசையடியில் அமர்ந்திருந்தோம். இரைச்சலினூடே சிங்களத்திலும் தமிழிலும் குரல்கள் வந்து போயின. எந்தப் படகு, எந்தக் கடல் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பாதி புரிந்தது. மைத்துனரின் குரல் அன்று வரவில்லை. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கம்பி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. காலையில் காகங்கள் அதில் வரிசையாக வந்து அமர்கின்றன.